‘நீ’யைத் தாண்டும் கர்சர் ‘நி’யில் ஏன் தடுக்குகிறது? ஓர் எடிட்டர் பிழையின் நிகழ்வு ஆய்வு

புதிய கோப்பைத் திறந்து ‘நீநி’ என்று ஒட்டுங்கள். ஹோம் விசையை அழுத்திவிட்டு வலது அம்புவிசையைத் தட்டுங்கள். இருப்பது இரண்டு எழுத்து. இரண்டு தட்டில் கர்சர் வரியின் கடைசிக்குப் போய்விட வேண்டும். இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட எடிட்டரில் மூன்று தட்டு ஆகிறது. முதல் தட்டில் ‘நீ’யை ஒழுங்காகத் தாண்டுகிறது. இரண்டாவது தட்டில் ‘நி’க்குள்ளேயே, ந-வுக்கும் இகரக் குறிக்கும் நடுவில் நின்றுவிடுகிறது. மூன்றாவதில்தான் வெளியே வருகிறது.

எடிட்டர் பிரவுசருக்குள் ஓடுவது, ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. பிரவுசரின் உரைப்பெட்டியை நம்பாமல் கர்சரின் இடத்தைத் தானே கணக்கிட்டு நகர்த்துகிற வகை. பெயர் இங்கே முக்கியமில்லை. தன் கர்சரைத் தானே பார்த்துக்கொள்ளும் எந்த எடிட்டரிலும் இந்தப் பிழை இதே வடிவத்தில் வரலாம்.

கெடுவது தோற்றம் மட்டுமல்ல

ஒரு தட்டு கூடுதலாக ஆவதை யாரும் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால் எழுத்தின் நடுவில் நிற்கும் கர்சர் கோப்பையே கெடுக்கும். ‘நிலம்’ என்ற சொல்லில் அந்த நடு இடத்தில் கர்சர் இருக்கும்போது ம-வைத் தட்டினால் ‘நமிலம்’ ஆகிவிடுகிறது. இகரக் குறி ந-வை விட்டுவிட்டு ம-வின்மேல் போய் ஏறிக்கொள்கிறது. அங்கே என்டர் அடித்தால் ந ஒரு வரியிலும், குறி அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளிவட்டத்தோடும் கிடக்கும்.

டெலீட் விசை இன்னும் மோசம், ஏனென்றால் அதுவும் இதே நகர்வுக் கணக்கைத்தான் கூப்பிடுகிறது. ‘பனி’ என்ற சொல்லில் னி-க்கு முன்னால் கர்சரை வைத்து டெலீட் அடித்தால் மிஞ்ச வேண்டியது ‘ப’. மிஞ்சுவது ‘பி’. ன மட்டும் அழிந்து, அநாதையான குறி முந்தின எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. புள்ளிவட்டமாவது கண்ணில் படும். ‘பி’ என்பது ஒழுங்கான எழுத்தாகவே தெரிவதால் யாரும் கவனிக்காமல் சேமித்துவிடுவார்கள். புகாரில் தீவிரம் என்ற இடத்தில் ‘காட்சிப் பிழை’ என்று போடாமல் ‘தரவு கெடுகிறது’ என்று போட வேண்டியதற்கு இந்த ‘பனி’ ஒன்றே போதும்.

‘தமிழில் கர்சர் சரியாக நகரவில்லை’ என்ற புகார்

இப்படி ஒரு வரியும் ஒரு திரைப்பிடிப்பும் வைத்து அனுப்பிய புகார் ‘எங்களிடம் இந்தப் பிழை வரவில்லை’ என்ற பதிலோடு மூடப்படுவது வழக்கம். பராமரிப்பாளர் சோம்பேறி என்று நினைக்க வேண்டாம். அவர் ‘தமிழ்’ என்ற சொல்லை ஒட்டி அம்புவிசையைத் தட்டிப் பார்ப்பார். நான்கு தட்டில் கர்சர் கடைசிக்குப் போகும். தமிழ் படிக்கத் தெரியாதவருக்கு த, ம, ி, ழ் என்று நான்கு வடிவம் தெரிகிறது. நான்கு தட்டு ஆவது அவருக்குச் சரியாகவே படும். அங்கே மூன்றுதான் எழுத்து என்பதைப் புகார் கொடுப்பவர்தான் எண்ணிக்கையாகச் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. எது சரியாக வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பிழை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும். ‘நீ’ சரி, ‘நி’ தவறு என்ற இணை அதைத்தான் செய்கிறது. எடிட்டருக்குத் தமிழே தெரியாது என்றால் இரண்டுமே உடைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் உடைகிறதென்றால், உள்ளே யாரோ ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்; அதில் ஈகாரக் குறி இருக்கிறது, இகரக் குறி இல்லை.

திருப்பி அனுப்ப முடியாத புகார் ஏறக்குறைய இப்படி இருக்கும் (கோட்பாயின்ட் என்பது ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் யூனிகோட் கொடுத்திருக்கும் எண்):

*தலைப்பு:* வலது/இடது அம்புவிசையும் டெலீட்டும் ‘நி’யின் நடுவில் நிற்கின்றன, ‘நீ’யில் நிற்பதில்லை.
*உரை:* நீநி. கோட்பாயின்ட் எண்கள் பத்தடிமானத்தில் 2984, 3008, 2984, 3007.
*செய்முறை:* புதிய கோப்பு, உரையை ஒட்டவும், தட்டச்சு செய்ய வேண்டாம், ஹோம், வலது அம்பு.
*எதிர்பார்ப்பது:* 2 தட்டு. நிற்கும் இடங்கள் 0, 2, 4.
*நடப்பது:* 3 தட்டு. நிற்கும் இடங்கள் 0, 2, 3, 4.
*விளைவு:* ‘பனி’யில் ப-வுக்குப் பின் டெலீட் அடித்தால் ‘பி’ மிஞ்சுகிறது.
*ஒப்பீடு:* அதே பிரவுசரின் சாதாரண உரைப்பெட்டியில் 2 தட்டு.
*மாற்றிப் பார்த்தது:* எழுத்துருவை லதாவிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றினாலும் அதே எண்ணிக்கை.

ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு. ஒட்டச் சொல்வது தமிழ்99, ஒலிபெயர்ப்பு போன்ற விசைப்பலகை மென்பொருள்களைக் கணக்கிலிருந்து நீக்குவதற்கு. உள்ளீட்டின்போது வரும் கர்சர் சிக்கல் முற்றிலும் வேறு சங்கதி, இரண்டையும் ஒரே புகாரில் போட்டால் இரண்டுமே தீராது. எழுத்துரு வரி, ‘உங்கள் எழுத்துருதான் பிரச்சினை’ என்ற வழக்கமான முதல் கேள்விக்கு முன்கூட்டியே பதில். கோட்பாயின்ட் எண்கள் எதற்கென்றால், திரையில் ஒன்றாகத் தெரியும் ‘கொ’ கோப்பில் இரண்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். அது பிறகு வருகிறது.

இரண்டு சொல்லில் நோயறிதல்

‘நீநி’யோடு ‘வான்’ என்பதையும் தட்டிப் பார்த்தால், கோடைத் திறக்காமலே உள்ளே என்ன வகைக் கணக்கு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு சொல்லிலும் நான்கு நான்கு கோட்பாயின்ட். இரண்டிலும் எழுத்து இரண்டு.

இரண்டுக்கும் 2 தட்டு என்றால் எடிட்டர் சரி. இரண்டுக்கும் 4 என்றால் அது கோட்பாயின்ட் கோட்பாயின்டாக நகர்கிறது, தமிழ்க் குறிகள் பற்றி ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் 12 என்றால் யூடிஎஃப்-8 பைட்டுகளில், அதாவது கோப்பில் சேமிக்கும் அலகுகளில் நகர்கிறது. தமிழ்க் கோட்பாயின்ட் ஒவ்வொன்றும் 3 பைட். இரண்டுக்கும் 3 என்றால் யூனிகோடின் ‘எம்என்’ வகையை, அதாவது இடம் அடைக்காத குறிகளை மட்டும் சேர்த்துக்கொள்கிறது. ‘வான்’ 2, ‘நீநி’ 3 என்று வந்தால் ‘கிராஃபீம் எக்ஸ்டெண்ட்’ என்ற பண்பை, அதாவது முன்னதோடு ஒட்டும் குறிகள் என்று யூனிகோட் தரும் பட்டியலைப் பயன்படுத்துகிறது. நம் எடிட்டர் இந்தக் கடைசி ரகம்.

இதற்கு அடிப்படை யூனிகோட் தமிழ்க் குறிகளை இரண்டு கூடையில் போட்டிருப்பது. புள்ளியும் (3021) ஈகாரக் குறியும் (3008) எம்என். துணைக்கால், இகரம், உகரம், ஊகாரம், கொம்புகள், ஐகாரம், ஒ-ஓ-ஔ குறிகள் எல்லாம் ‘எம்சி’, அதாவது இடம் அடைக்கும் குறிகள். இகரமும் ஈகாரமும் எழுத்தின் மேலே ஒரே மாதிரி வளைகிறவை. ஒன்று அங்கே, ஒன்று இங்கே போனதற்குத் தமிழ்க் கண்ணுக்கு எந்த நியாயமும் தெரியாது. ஆனால் அட்டவணை அப்படித்தான் இருக்கிறது, அதை நம்பி எழுதிய கோடும் அப்படித்தான் நடக்கும்.

துணைக்கால் (3006) எம்சி-யாக இருந்தும் எக்ஸ்டெண்ட் பட்டியலில் இருப்பதற்குக் காரணம் உண்டு. ‘கொ’வை க + ொ (3018) என்று இரண்டு கோட்பாயின்டிலும் எழுதலாம், க + ஒற்றைக்கொம்பு (3014) + துணைக்கால் (3006) என்று மூன்றிலும் எழுதலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். துணைக்கால் முன்னதோடு ஒட்டாது என்று வைத்தால் ஒரே குறியின் இரண்டு வடிவங்களில் ஒன்று மட்டும் உடையும். அதனால்தான் துணைக்காலுக்கும், ஔகாரத்தின் பின்பாதியான 3031-க்கும் தனிச் சலுகை. மொத்தத்தில் துணைக்கால் முதல் புள்ளி வரை உள்ள 12 குறிகளில் 3 பிழைக்கின்றன, 9 உடைகின்றன.

கோடில் எங்கே

வலது அம்புவிசைக்கான நிகழ்வில் பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்திப் பார்க்கும் இடம்) வைத்தால் நேராக ஒரு சின்னச் சுழலுக்குக் கூட்டிப்போகும். இடத்தை ஒன்று கூட்டு. அங்கே உள்ள எழுத்து பட்டியலில் இருக்கும்வரை இன்னும் ஒன்று கூட்டு. அவ்வளவுதான். பட்டியல் என்பது ஒரு நீண்ட ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளைத் தேடிப் பொருத்தும் வாய்பாடு. அதில் தமிழுக்கு ஐந்து எண்கள்: 2946, 3006, 3008, 3021, 3031. இடது பக்கம் போகும் கோடும் இதே பட்டியலைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது, ஆகவே அங்கும் அதே இடத்தில் அதே தடுக்கல்.

பட்டியலைத் தயாரித்தவர் யூனிகோட் தரவுக் கோப்பிலிருந்துதான் எடுத்திருக்கிறார். ஆனால் எடுத்தது பாதி. யூனிகோடின் 29-ஆம் இணைப்பு அறிக்கை எழுத்துக்கொத்தின், அதாவது வாசகர் ஓர் எழுத்தாகப் பார்க்கும் கோட்பாயின்ட் தொகுதியின், எல்லைகளை விதி விதியாகச் சொல்கிறது. ஜிபி9 என்ற விதி எக்ஸ்டெண்ட் குறிகளுக்கு முன் வெட்டாதே என்கிறது. ஜிபி9ஏ என்ற விதி ‘ஸ்பேசிங் மார்க்’ குறிகளுக்கு, அதாவது இகரம் போன்ற எம்சி குறிகளுக்கு, முன்னும் வெட்டாதே என்கிறது. ஜிபி9ஏ-வை விட்டுவிட்டால் கிடைப்பது பழைய வகைக் கொத்து. சேர்த்தால் விரிவான கொத்து. விரிவான கொத்துக்கு அந்த அறிக்கை தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று தமிழ் ‘நி’யேதான்! புகாரில் இதைச் சுட்டிக்காட்டினால் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பாதிப்பு தமிழோடு நிற்பதில்லை. தேவநாகரியின் இகரக் குறியும் மலையாளத்தின் இகரக் குறியும் ஸ்பேசிங் மார்க்தான். தலைப்பில் ‘தமிழ்’ என்று மட்டும் போடாமல் ‘ஸ்பேசிங் மார்க் உள்ள எல்லா எழுத்துமுறையும்’ என்று போட்டால் புகாருக்கு எடை கூடும்.

ரஸ்ட் மொழியில் எழுதும் எடிட்டர்களில் இதே பிழை ஒரே சொல்லில் ஒளிந்திருக்கும். அங்கே பரவலாகப் புழங்கும் ‘யூனிகோட்-செக்மென்டேஷன்’ நூலகத்தின் கிராஃபீம்ஸ் செயற்கூறு விரிவான கொத்தா இல்லையா என்று உண்மை/பொய் மதிப்பு ஒன்றைக் கேட்கும். பொய் என்று கொடுத்தால் பழைய வகைக் கொத்து, ‘நி’ உடைந்துவிடும்.

உடனே தோன்றும் திருத்தம், ஏன் வேண்டாம்

பட்டியலில் விட்டுப்போன ஒன்பது எண்களைச் சேர்த்துவிட்டால் தமிழ் சரியாகிவிடும். ஒரு வரி மாற்றம். பலரும் இதைத்தான் அனுப்புவார்கள், பராமரிப்பாளரும் மகிழ்ச்சியாகச் சேர்த்துக்கொள்வார். அடுத்த மாதம் இந்திக்காரர் வருவார், பிறகு தாய்லாந்துக்காரர், பிறகு குடும்ப எமோஜியை நடுவில் பிளந்த யாரோ. எமோஜிகளும் கொடிகளும் வெறும் பட்டியலால் தீராதவை. இரண்டு கொடிக்குறிகள் சேர்ந்தால்தான் ஒரு கொடி, அதற்கு எண்ணிப் பார்க்கும் விதி வேண்டும். தமிழிலேயே 2019-இல் யூனிகோட் 12.0-வில் சேர்ந்த தமிழ்ப் பிற்சேர்க்கைப் பகுதி இருக்கிறது. முந்திரி முதலான பின்னக் குறிகள் அங்கே உள்ளன. அவை ஜாவாஸ்கிரிப்டின் யூடிஎஃப்-16 சரத்தில் இரண்டிரண்டு அலகு பிடிப்பவை.

செய்ய வேண்டிய திருத்தம்

உரையைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்டல் செக்மென்டர்’ இதற்கென்றே உள்ளது. குரோம் 87-இலும் சஃபாரி 14.1-இலும் ஃபயர்ஃபாக்ஸ் 125-இலும் வந்துவிட்டது. அலகு ‘கிராஃபீம்’ என்று கொடுத்து ஒரே ஒருமுறை உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரியின் உரையை அதனிடம் கொடுத்தால் திரும்பி வரும் பொருளில் ‘கன்டெய்னிங்’ என்ற முறை இருக்கும். ஓர் இடத்தைச் சொன்னால் அது எந்தக் கொத்துக்குள் இருக்கிறது என்று சொல்லும்.

வலப்பக்கம் போக: கர்சர் இருக்கும் இடத்தைக் கொடுத்து, வந்த கொத்தின் தொடக்கத்தோடு அதன் நீளத்தைக் கூட்டினால் புதிய இடம். இடப்பக்கம் போக: கர்சர் இடத்தில் ஒன்றைக் கழித்துக் கொடுத்து, வந்த கொத்தின் தொடக்கத்தை எடுத்தால் போதும். சுழலே வேண்டாம். பழைய பதிப்பில் சேமித்த கர்சர் இடம் ஏற்கெனவே ‘நி’யின் நடுவில் இருந்தாலும் இந்தக் கணக்கு எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வரியின் கடைசியில் கன்டெய்னிங் ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பு எதுவும் இல்லை) என்று திருப்பும். அங்கே அடுத்த வரிக்குத் தாவும் பழைய கோடை விட்டுவைக்க மறக்க வேண்டாம்.

வேகம் பற்றிக் கேள்வி வரும், வரத்தான் வேண்டும். ஒரே வரியில் லட்சம் எழுத்துள்ள சுருக்கிய கோப்புகளில், விசையை அழுத்திப் பிடித்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் முழு வரியையும் செக்மென்டரிடம் கொடுப்பது இழுக்கும். வரி மாறாதவரை அந்தப் பொருளை வரியோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம். தாண்டப் போகும் எழுத்தும் அதற்கு அடுத்ததும் 128-க்குக் கீழே என்றால் செக்மென்டரைக் கூப்பிடாமலே ஒன்று நகர்த்திவிடலாம்; நிரல் கோப்புகளில் பெரும்பாலான நகர்வு இதிலேயே முடியும்.

செக்மென்டர் இல்லாத பழைய பிரவுசருக்கு மாற்றாக, ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எக்ஸ்டெண்ட் பட்டியலை எடுத்துவிட்டு எம்என், எம்சி இரண்டும் அடங்கிய ‘எம்’ வகை முழுவதையும் குறிகளாகக் கொள்ளலாம். தமிழ்க் குறிகள் எல்லாம் எம்என் அல்லது எம்சி என்பதால் தமிழுக்கு இது துல்லியம். பர்மிய மொழியின் சில எம்சி குறிகள் ஸ்பேசிங் மார்க்கில் சேராதவை என்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாக ஒட்டும். பழைய பிரவுசருக்கு அந்த அளவு தாங்கும்.

பேக்ஸ்பேஸில் கைவைக்காதீர்கள்

டெலீட்டுக்குச் செய்ததைப் பேக்ஸ்பேஸுக்கும் செய்துவிடும் ஆசை வரும். வேண்டாம். ‘கோ’ அடிக்கப் போய் ‘கொ’ அடித்துவிட்டவர் பேக்ஸ்பேஸ் தட்டினால் குறி மட்டும் போய் க நிற்க வேண்டும். இந்திய மொழிகளுக்குப் பெரும்பாலான இயங்குதளங்களும் பிரவுசர்களும் இப்படித்தான் நடக்கின்றன. முழுக் கொத்தையும் அழித்தால் க-வையும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும், அடுத்த நாளே புதுப் புகார் வரும். எமோஜியில் மட்டும் நேர்மாறு: அங்கே முழுதாக அழிய வேண்டும், பாதிக் குடும்பம் மிஞ்சக் கூடாது. ஆகவே பேக்ஸ்பேஸுக்கு விதி இரண்டு வரி: கொத்தின் கடைசிக் கோட்பாயின்ட் எம்என் அல்லது எம்சி வகை என்றால் அதை மட்டும் அழி, இல்லையென்றால் கொத்தை அழி. எமோஜிகளில் சில, வடிவம் தேர்ந்தெடுக்கும் எம்என் குறியோடு (65039) முடிகின்றன. அதை இந்த விதியிலிருந்து விலக்க வேண்டும்.

மூன்று கோட்பாயின்ட் ‘கொ’வில் பேக்ஸ்பேஸ் ‘கெ’யை விட்டுவைக்கும். கொஞ்சம் விசித்திரம்தான்.

கர்சர் உள்ளே நுழையும் மற்ற வாசல்கள்

அம்புவிசையைத் திருத்திவிட்டுப் புகாரை மூடினால் மறுபடி திறக்கப்படும். சுட்டியால் சொடுக்கினால் இடம் பிக்சல் கணக்கில் கண்டுபிடிக்கப்படுகிறது. அது ‘கொ’வின் நடுவில் விழலாம். மேல்-கீழ் அம்பும் அப்படித்தான். இரண்டிலும் கிடைத்த இடத்தைக் கொத்தின் அருகிலுள்ள எல்லைக்குத் தள்ள வேண்டும்.

கன்ட்ரோல் விசையோடு அம்பு, அதாவது சொல் சொல்லாகத் தாண்டுவது, தனிக் கோடு. சொல்லெழுத்து எது என்பதற்கு யூனிகோடின் ‘எல்’ வகையை, அதாவது குறிகள் சேராத எழுத்துகளை மட்டும் வைத்திருந்தால், குறிகள் ‘எம்’ வகை என்பதால் ‘நிலம்’ என்ற ஒரு சொல்லில் இகரக் குறியிலும் புள்ளியிலும் நிற்கும். அதில் ‘எம்’ வகையைச் சேர்க்க வேண்டும். இதைத் தனிப் புகாராகப் போடுவதே நல்லது. திருத்தம் வேறு, சோதனையும் வேறு.

சோதனைகள்

ஒவ்வொரு சொல்லுக்கும் கர்சர் நிற்கும் இடங்களைப் பட்டியலாக எழுதி, வலப்பக்கம் போய் ஒருமுறை, இடப்பக்கம் வந்து ஒருமுறை ஒப்பிட வேண்டும். தமிழ்: 0, 1, 3, 5. நீநி: 0, 2, 4. வான்: 0, 2, 4. இரண்டு கோட்பாயின்ட் கொ: 0, 2. மூன்று கோட்பாயின்ட் கொ: 0, 3. மூன்றாவதைச் சோதனைக் கோப்பில் எழுத்தாக ஒட்டாமல் எண்களாக எழுதுங்கள். இடையில் ஏதாவது ஒரு கருவி அதை அமைதியாக இரண்டாக்கிவிட்டால் சோதனை எதையும் சோதிக்காது.

க்ஷ-வுக்கு 0, 2, 3 என்றும் ஸ்ரீ-க்கு 0, 2, 4 என்றும் வரும். திரையில் ஒரே வடிவமாகத் தெரியும் க்ஷ-வின் நடுவில் கர்சர் நிற்பதைப் பார்த்து மறுபடி பிழை என்று யாராவது எழுதுவார்கள். 2023-இல் வந்த யூனிகோட் 15.1 தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காதே என்று புதிய விதி சேர்த்தது. தமிழ் அதில் இல்லை. தமிழில் புள்ளி வைத்த மெய் தனி எழுத்து, அதன்பின் கர்சர் நிற்பதுதான் இயல்பு. க்ஷ-வுக்கு மட்டும் விதிவிலக்கு வைத்தால் மற்ற எடிட்டர்களோடு ஒத்துப்போகாது, விட்டுவிடுவது மேல். தேவநாகரிக் கூட்டெழுத்துகளைச் சோதனையில் சேர்க்காமல் இருப்பதும் நல்லது. பிரவுசர் எந்த யூனிகோட் பதிப்போடு வருகிறதோ அதைப் பொறுத்து விடை மாறும், காரணமே இல்லாமல் சோதனை சிவப்பாகும்.

டெர்மினலுக்குள் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்துக்குள்) ஓடும் எடிட்டர்களுக்கு இந்தத் திருத்தம் பாதி தூரம்தான் போகும். அங்கே ஓர் எழுத்து எத்தனை கட்டம் பிடிக்கிறது என்பதை டெர்மினல் தீர்மானிக்கிறது. மார்க்கஸ் கூன் எழுதி, பலரும் நகலெடுத்த அகலக் கணக்குச் செயற்கூறு எம்என் குறிக்கு 0, எம்சி குறிக்கு 1 என்கிறது. அதன்படி ‘நீ’க்கு ஒரு கட்டம், ‘நி’க்கு இரண்டு. எடிட்டர் ‘நி’யை ஒரு கட்டமாக எண்ணி, டெர்மினல் இரண்டாக வரைந்தால் வரியில் ஒவ்வொரு ‘நி’க்கும் கர்சர் ஒரு கட்டம் விலகிக்கொண்டே போகும். தட்டு எண்ணிக்கை சரியாக இருந்தும் கர்சர் வேறிடத்தில் தெரிந்தால், புகார் போக வேண்டிய இடம் டெர்மினல்.